சாகிரெப் முதல் ஊபர்லிங்கன் வரை: வான்வழி விபத்துகளும் கணக்கு ஒப்புவித்தலும்

விபத்தொன்று நேர்ந்தவுடன் "யாரால்?" என்று கேட்பதும் "எதனால்?" என்று கேட்பதும் ஒரே கேள்விபோல் தோன்றும். ஆயினும் அவை நம்மை வெவ்வேறு திசைகளில் கொண்டு செல்பவை. முதற் கேள்வி ஓர் ஆளைத் தேடுகிறது. அடுத்தது ஒரு நிலைமையைத் தேடுகிறது. வானூர்திப் போக்குவரத்தின் வரலாற்றில் இவ்விரு கேள்விகளும் அரை நூற்றாண்டாக ஒன்றோடொன்று வழக்காடி வந்துள்ளன. அவ்வழக்கில் சிறை சென்றவர் உண்டு, கொலையுண்டவரும் உண்டு. திருச்சபையின் விசாரணைக் குழுக்களிலும் ஒழுங்கு நடவடிக்கைகளிலும் பங்குகொண்டு பழகிய நம் வாசகர்கள் இவ்வழக்கை அந்நியமானதாகக் கருதமாட்டார்கள். எனினும் ஈண்டு நாம் ஒப்புமை தேடப் புகவில்லை. வானத்தில் நிகழ்ந்தவற்றை நிகழ்ந்தவாறே ஆராய்வதே நம் நோக்கம்.

தொடங்குமுன் ஒரு சொல்லைக் குறித்துச் சிறிது கூறவேண்டும். 'பொறுப்பு' என்னும் சொல் இன்று பெரும்பாலும் குற்றத்தை ஏற்பதையே குறிக்கிறது. நம் திருச்சபைத் தமிழில் வழங்கிவரும் 'கணக்கு ஒப்புவித்தல்' என்னும் தொடர் இவ்விடத்திற்கு மேலும் பொருத்தமானது. கணக்கு ஒப்புவிப்பவன் குற்றவாளி என்று முன்கூட்டியே எண்ணப்படுவதில்லை. தன் கையில் விடப்பட்டது எது, அதைத் தான் என் செய்தான் என்று விடை சொல்ல வேண்டியவன், அவ்வளவே. வான்வழி விபத்துகளின் வரலாற்றில் கணக்குக் கேட்கப்பட்டவர் யார், கேட்கப்படாதவர் யார் என்று பார்ப்போமாகில் பல செய்திகள் தெளிவாகும்.

சாகிரெப், 1976

அந்நாளைய யூகோஸ்லாவிய நாட்டின் சாகிரெப் நகரம் ஐரோப்பிய வான்வழிகள் பல குறுக்கிடும் சந்தியாயிருந்தது. வட ஐரோப்பாவிலிருந்து துருக்கிக்கும் கிரேக்க நாட்டிற்கும் செல்லும் விமானங்களும், ஆட்ரியாட்டிக் கடற்கரையில் விடுமுறை கழித்துத் திரும்புவோரை ஏற்றிவரும் விமானங்களும் அங்குள்ள வழிகாட்டும் வானொலி நிலையத்தை நோக்கியே பறந்தன. போக்குவரத்து ஆண்டுதோறும் பெருகிற்று; கட்டுப்பாட்டு நிலையத்தில் ஆட்கள் அதற்கேற்பப் பெருகவில்லை.

1976ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் முற்பகலில், இலண்டனிலிருந்து இஸ்தான்புல்லுக்குச் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் ட்ரைடென்ட் விமானமும், ஸ்பிளிட் நகரிலிருந்து ஜெர்மனியின் கொலோன் நகருக்குச் சென்ற இனெக்ஸ்-ஆட்ரியா நிறுவனத்தின் டிசி-9 விமானமும் 33,000 அடி உயரத்தில் மோதின. இரண்டிலும் இருந்த 176 பேரும் மாண்டனர். அதுகாறும் வானில் நிகழ்ந்த மோதல்களில் இதுவே மிகுதியான உயிர்களைக் கொண்டதாகும்.

கட்டுப்பாட்டு நிலையத்தில் வானம் மூன்று அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. டிசி-9 விமானம் நடு அடுக்கிலிருந்து மேலடுக்கிற்கு ஏறிக்கொண்டிருந்தது. மேலடுக்கைக் கவனித்த மேசையில் இருவர் இருக்கவேண்டும். ஆனால் மாற்று ஆள் நேரத்திற்கு வராமையால் அவரைத் தேடி ஒருவர் எழுந்து சென்றுவிட, மற்றவர் தனித்திருந்தார். ஒருவரோடொருவர் வானொலியில் பேசிய பல விமானங்களை அவர் ஒருவரே கவனித்தார். ஓர் அடுக்கிலிருந்து மறு அடுக்கிற்கு விமானத்தை ஒப்புவிப்பது வாய்ச் சொல்லாலும் கையிலிருந்த காகிதச் சீட்டாலும் அவசரமாக நடந்தது. ஏறிவரும் விமானத்தின் உயரம் ராடார்த் திரையில் உரிய வேளையில் அவருக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அபாயத்தை அவர் உணர்ந்தபோது நேரம் கடந்துவிட்டது. பதற்றத்தில் அவர் ஆங்கிலத்தை விட்டுத் தம் தாய்மொழியில், இருக்கும் உயரத்திலேயே நிற்கும்படி டிசி-9 விமானிக்குச் சொன்னார். ட்ரைடென்ட் விமானிகளுக்கு அம்மொழி தெரியாது. டிசி-9 விமானம் ஏறுவதை நிறுத்தி நின்ற உயரமோ ட்ரைடென்ட் பறந்துகொண்டிருந்த அதே உயரம். அவர் ஒன்றும் சொல்லாதிருந்தால் அவ்விமானம் மேலேறிக் கடந்திருக்கக்கூடும் என்று பின்னர்ப் பலர் சுட்டிக்காட்டினர்.

அடுத்த ஆண்டில் வழக்கு நடந்தது. நிலையத்தைச் சேர்ந்த எட்டுப் பேர் குற்றஞ்சாட்டப்பட்டனர். எழுவர் விடுதலை பெற்றனர். மேலடுக்கு மேசையில் தனித்திருந்தவர்மட்டும் ஏழாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பல நாடுகளின் கட்டுப்பாட்டாளர்கள் அவருக்காக மனுக்கொடுத்தனர். மேல்முறையீட்டில் தண்டனை பாதியாயிற்று. 1978ஆம் ஆண்டின் இறுதியில் அவர் விடுவிக்கப்பட்டார்.

அவர் பெயரை நாம் இங்கு எழுதவில்லை. அது பல நூல்களில் உள்ளது. மாற்று ஆள் வரும்வரை மேசையில் இருவர் இருந்தே தீரவேண்டும் என்ற விதியை வற்புறுத்தாதவர் யார், ஆட்குறைவை அறிந்தும் பணிப்பட்டியலுக்கு ஒப்பமிட்டவர் யார் என்பதை அதே நூல்களில் தேடுவோர்க்கு எளிதில் விடை கிடைப்பதில்லை. இவ்வேறுபாட்டை வாசகர் மனத்தில் கொள்வாராக.

அவர் தவறே செய்யவில்லை என்று வாதிட நாம் விரும்பவில்லை. விதிக்கு மாறான மொழியில் பேசினார், காலந்தாழ்ந்து பேசினார். நீதிமன்றம் இல்லாததைப் புனைந்து கூறியதாகச் சொல்லவியலாது. ஆனால் அத்தீர்ப்பின் வடிவத்தை நோக்கவேண்டும். ஒருவர் குற்றவாளி, எழுவர் குற்றமற்றவர் என்ற தீர்ப்பு, நிலையத்தின் ஒழுங்குமுறை செவ்வனே இருந்தது, ஒரு மனிதர்மட்டுமே அதில் வழுவினார் என்னும் பொருளைத் தந்துவிடுகிறது. லேவியராகமத்தின் 16ஆம் அதிகாரத்தில் வரும் போக்காட்டைப் பற்றி நாம் வகுப்பறைகளில் கற்பிக்கிறோம். அங்கு மக்களின் குற்றங்கள் ஆட்டின் தலைமேல் வாய்விட்டு அறிக்கையிடப்படுகின்றன. அவை யாருடையவை என்பதில் ஐயமில்லை. சாகிரெப்பில் அவ்வறிக்கையும் இல்லை.

சொல்லப்படாத எச்சரிக்கைகள்

மாற்று வழி ஒன்று ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் உருவாயிற்று. அதுவும் ஒரு விபத்திலிருந்தே பிறந்தது. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள், வாஷிங்டனுக்கு அருகிலுள்ள டல்லஸ் விமான நிலையத்தில் இறங்க வந்த டிடபிள்யூஏ நிறுவனத்தின் விமானம் ஒன்று வர்ஜீனியா மாநிலத்தின் மலைச்சரிவில் மோதி, அதிலிருந்த 92 பேரும் மாண்டனர். இறங்குவதற்கான அனுமதி என்று கட்டுப்பாட்டாளர் சொன்ன சொற்றொடரை, உடனே தாழ இறங்கலாம் என்று விமானிகள் பொருள்கொண்டனர். மலையின் உயரத்தைக் கவனித்துக்கொள்வது விமானிகளின் வேலை என்று கட்டுப்பாட்டாளர் எண்ணியிருந்தார். ஒரே சொற்றொடருக்கு இரு பொருள்.

விசாரணையில் வெளிவந்த செய்தி அதனினும் கசப்பானது. ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு முன், யுனைடெட் நிறுவனத்தின் விமானிகள் அதே இடத்தில் அதே சொற்றொடரை அவ்வாறே பொருள்கொண்டு, மலையில் மோதாமல் மயிரிழையில் தப்பியிருந்தனர். அவர்கள் அதை மறைக்கவில்லை. தங்கள் நிறுவனத்திற்கு அறிவித்தனர். நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. ஆனால் ஒரு நிறுவனத்தின் சுவருக்குள் சொல்லப்பட்ட எச்சரிக்கை அடுத்த நிறுவனத்தின் செவிக்கு எட்ட வழியில்லை. இதன் பின்னரே 1976ஆம் ஆண்டில் விமானப் பாதுகாப்பு அறிவிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. அறிக்கைகளைப் பெறும் வேலை, தண்டிக்கும் அதிகாரமுள்ள விமானத் துறையிடம் விடப்படாமல், விண்வெளி ஆய்வு நிறுவனமாகிய நாசாவிடம் ஒப்புவிக்கப்பட்டது. அறிவிப்பவரின் பெயர் நீக்கப்படும். குற்றச் செயல்களும் விபத்துகளும் நீங்கலாக, அறிவிக்கப்பட்டவற்றைக்கொண்டு தண்டனை நடவடிக்கை எடுக்கப்படமாட்டாது. கேட்கும் காது ஒன்று, தண்டிக்கும் கை வேறொன்று என்று பிரித்ததே இத்திட்டத்தின் நுட்பம். அறிவுரைக்கு வருபவரிடம் கேட்டதை நிர்வாகக் குழுவில் வெளியிடாத ஆயருக்கு இதன் காரணத்தை விளக்கவேண்டியதில்லை.

1991ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் நிகழ்ந்ததைச் சாகிரெப்போடு ஒப்பிடலாம். ஓடுபாதையில் காத்து நிற்கும்படி ஒரு சிறு விமானத்திற்குச் சொன்ன கட்டுப்பாட்டாளர், அது அங்கு நிற்பதை மறந்து, மற்றொரு விமானம் அதே ஓடுபாதையில் இறங்க அனுமதியளித்தார். 35 பேர் மாண்டனர். தவறு அவருடையது என்பதில் ஐயமில்லை; அவரும் அதை மறைக்கவில்லை. அவர்மேல் குற்றவழக்கு எதுவும் தொடரப்படவில்லை. ஒருவர் மறந்தால் அதை இன்னொருவரோ ஒரு கருவியோ பிடித்து நிறுத்தும் ஏற்பாடு அக்கோபுரத்தில் இல்லை என்பதையும், அதை ஏற்படுத்தவேண்டிய நிர்வாகம் ஏற்படுத்தவில்லை என்பதையுமே தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முதன்மையான காரணமாக எழுதிற்று. மனிதர் மறப்பர், மறதியை எதிர்பார்த்து ஏற்பாடு செய்யாததே கணக்குக் கேட்கத்தக்கது என்பது அதன் உட்கிடை. பிரிட்டிஷ் உளவியலறிஞர் ஜேம்ஸ் ரீசன் 1990ஆம் ஆண்டில் வெளியிட்ட மனிதத் தவறு பற்றிய நூல் இந்நோக்கிற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தது. பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் பதின்மூன்றாம் இணைப்பும், விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இனி விபத்து நேராமல் தடுப்பதே, பழி சுமத்துவதன்று என்று வகுத்துள்ளது.

ஆனால் இணைப்பு ஒன்று, நாட்டின் குற்றவியல் சட்டம் வேறொன்று. 1998ஆம் ஆண்டு டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமில், மூடுபனியில் ஓடுபாதையைக் கடக்க இழுத்துச் செல்லப்பட்ட விமானத்தைக் கண்டு, புறப்பட ஓடிவந்த மற்றொரு விமானத்தின் விமானிகள் அதை நிறுத்தினர். ஒருவரும் காயமடையவில்லை. ஆயினும் கட்டுப்பாட்டாளர் மூவர் நீதிமன்றத்திற்கு இழுக்கப்பட்டனர். மேல் நீதிமன்றம் குற்றம் உண்டு என்று கூறி, தண்டனை விதிக்காமல் விட்டது. தண்டனை இல்லாவிடினும் வழக்கே போதுமானதாயிற்று. நெதர்லாந்தில் கட்டுப்பாட்டாளர்கள் தாமாக எழுதித்தரும் அறிக்கைகள் குறைந்தன. டென்மார்க்கு 2001ஆம் ஆண்டில் இதற்கு எதிர்த்திசையில் சட்டம் இயற்றி, அறிவிப்பவருக்குப் பாதுகாப்பளித்தது. அங்கு அறிக்கைகள் பன்மடங்கு பெருகின. வானம் திடீரென்று அபாயமானதால் அவை பெருகவில்லை. முன்பே இருந்த அபாயம் காகிதத்தில் ஏறிற்று.

ஐரோப்பிய ஒன்றியம் 2014ஆம் ஆண்டில் இயற்றிய 376ஆம் எண் ஒழுங்குமுறை இதற்கு எல்லை வகுத்தது. தம் பயிற்சிக்கும் அனுபவத்திற்கும் ஏற்ப நடந்துகொண்டவர் அதன் விளைவுக்காகத் தண்டிக்கப்படலாகாது. பெருங்கவனக்குறைவும், மனமறிந்த விதிமீறலும், அழிவு நோக்கிய செயலும் பொறுத்துக்கொள்ளப்படா. எல்லைக்கோடு தெளிவாக இருப்பதுபோல் தோன்றுகிறது. அக்கோட்டை வரைபவர் யார் என்பதே கடினமான கேள்வி. அரசு வழக்கறிஞரா, துறையைச் சேர்ந்தவரா, மாண்டவரின் உறவினரா? நாட்டுக்கு நாடு இதற்கு வெவ்வேறு விடைகள் தரப்படுகின்றன.

பதினேழு மாத இடைவெளி

இப்பொருளின் மையத்திற்கு வருகிறோம். 1980களின் பிற்பகுதியிலிருந்து விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவிகள் பொருத்தப்படலாயின. எதிரெதிரே வரும் இரு விமானங்களின் கருவிகளும் தமக்குள் செய்தி பரிமாறிக்கொண்டு, ஒரு விமானியை ஏறும்படியும் மற்றவரை இறங்கும்படியும் குரலால் கட்டளையிடும். அருமையான கருவியே. ஆனால் தரையிலுள்ள கட்டுப்பாட்டாளர் அக்கட்டளையைக் கேட்பதில்லை. கருவி ஏறு என்றும், கட்டுப்பாட்டாளர் இறங்கு என்றும் சொன்னால் விமானி யாருக்குக் கீழ்ப்படிவது?

2001ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் ஜப்பானில் இக்கேள்வி வானத்திலேயே எழுந்தது. ஜப்பான் ஏர்லைன்ஸின் இரு பெரிய விமானங்கள் ஒன்றையொன்று நெருங்கின. பயிற்சியிலிருந்த கட்டுப்பாட்டாளர் விமான எண்களை மாற்றிச் சொல்லி, இறங்கவேண்டியதை விட்டு மற்றொன்றை இறங்கச் சொன்னார். அவ்விமானத்தின் கருவி ஏறச் சொல்லிற்று. விமானி கட்டுப்பாட்டாளருக்குக் கீழ்ப்படிந்தார். மற்ற விமானமும் தன் கருவியின்படி இறங்கிற்று. கடைசிக் கணத்தில் கண்ணால் கண்டு விமானத்தைத் திருப்பியதனால் 677 உயிர்கள் தப்பின. உள்ளே தூக்கியெறியப்பட்டு ஏறத்தாழ நூறு பேர் காயமடைந்தனர்.

ஜப்பானிய ஆணையத்தின் இறுதி அறிக்கை 2002ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் வெளிவந்தது. அதற்குப் பதினொரு நாள் முன்பு, ஜூலை 1ஆம் நாள் இரவு, தென் ஜெர்மனியில் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையிலுள்ள ஊபர்லிங்கன் ஊருக்கு மேல் அதே முரண்பாடு எழுந்து, இம்முறை இரு விமானங்கள் மோதிவிட்டன. மாஸ்கோவிலிருந்து பார்சிலோனாவுக்குச் சென்ற டுப்போலெவ் விமானத்தில் 69 பேரும், டிஎச்எல் நிறுவனத்தின் போயிங் சரக்கு விமானத்தில் இருவருமாக 71 பேர் மாண்டனர். டுப்போலெவில் பயணம் செய்தவருள் பெரும்பாலோர் பாஷ்கோர்த்தோஸ்தானின் ஊஃபா நகரிலிருந்து விடுமுறைக்குப் புறப்பட்ட பள்ளிச் சிறுவர்.

அவ்வான்பகுதி ஜெர்மனிக்கு உரியது. கட்டுப்படுத்தியதோ சுவிட்சர்லாந்தின் ஸ்கைகைடு நிறுவனம். சூரிக் நிலையத்தில் அன்றிரவு பணியில் இருவர் இருந்தனர். போக்குவரத்துக் குறைந்தவுடன் ஒருவர் ஓய்வறைக்குச் சென்றார். இது விதிப்படி சரியன்று. ஆனால் நிர்வாகம் பல ஆண்டுகளாக அறிந்து பொறுத்துக்கொண்ட வழக்கம். எஞ்சியிருந்தவர் இரு மேசைகளையும் மாறி மாறிக் கவனித்தார். அன்றிரவே ராடார் அமைப்பில் பராமரிப்பு வேலை நடந்ததால், மோதல் நெருங்குவதைத் திரையில் காட்டும் எச்சரிக்கை வேலை செய்யவில்லை. அது அவருக்கு அறிவிக்கப்படவும் இல்லை. முதன்மைத் தொலைபேசி இணைப்பும் அவ்வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்தது; மாற்று இணைப்பு பழுதாயிருந்தது. தாமதமாக வந்த ஏர்பஸ் விமானம் ஒன்றை ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் நிலையத்திற்கு ஒப்புவிக்க அவர் அத்தொலைபேசியோடு போராடிக்கொண்டிருந்தார். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹெ நிலையத்தில் இருந்தவர்கள் தங்கள் திரையில் அபாயத்தைக் கண்டு சூரிக்கைப் பலமுறை அழைத்தனர், இணைப்புக் கிடைக்கவில்லை. விமானங்களோடு நேரே பேச விதி அவர்களை அனுமதிக்கவில்லை.

மோதலுக்கு ஒரு நிமிடத்திற்கும் குறைவாக இருக்கையில் அவர் டுப்போலெவை இறங்கச் சொன்னார். உடனே அதன் கருவி ஏறச் சொல்லிற்று. போயிங் விமானத்தின் கருவி இறங்கச் சொல்ல, அது இறங்கிற்று. டுப்போலெவ் கட்டுப்பாட்டாளர் சொன்னபடி இறங்கிற்று. அவர் மற்ற விமானம் வரும் திசையையும் தவறாகச் சொல்லிவிட்டு, தம் வேலை முடிந்ததாக எண்ணி அடுத்த மேசைக்குத் திரும்பினார்.

ஜெர்மன் விசாரணை அமைப்பு 2004ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட அறிக்கை, நேர்க் காரணங்கள் என்றும் அமைப்புசார் காரணங்கள் என்றும் இரு வகுத்தது. கட்டுப்பாட்டாளர் உரிய நேரத்தில் அபாயத்தைக் காணாததும் டுப்போலெவ் விமானிகள் கருவிக்கு மாறாக இறங்கியதும் முன்னதில் அடங்கும். மோதல் தவிர்ப்புக் கருவியைக் குறித்த பன்னாட்டு விதிகள் குறையுடையனவாயும் முரண்பாடுடையனவாயும் இருந்ததும், இரவில் ஒருவரே பணிசெய்வதை நிர்வாகம் பொறுத்துக்கொண்டதும் பின்னதில் அடங்கும். கருவியின் கட்டளையே மேலானது என்று பன்னாட்டு அமைப்பு ஐயமற எழுதிவைத்தது 2003ஆம் ஆண்டு நவம்பரில்.

இங்கு ஒரு கணக்கைக் கூட்டிப் பார்ப்போம். ஜப்பானில் எண்ணை மாற்றிச் சொன்னவரும் அவருடைய மேற்பார்வையாளரும் குற்றஞ்சாட்டப்பட்டனர். 2006இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. 2008இல் மேல் நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. 2010ஆம் ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டதாயினும் ஏறத்தாழ பத்தாண்டுகள் சட்டம் அவ்விருவரையும் தேடிச் சென்றது. அவ்விருவரின் தவறு ஒரு நொடியில் நிகழ்ந்தது. விதியின் குறையோ பதினேழு மாதங்கள் எல்லா விமானங்களின் மேலும் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மாதங்களுக்காக எந்த நாட்டிலும் ஒருவரும் நீதிமன்றத்தில் நின்றதில்லை.

முகமில்லாத 'அமைப்பு'

இதுகாறும் எழுதியவற்றால், தனிமனிதரை விட்டுவிட்டு அமைப்பைமட்டும் சீர்திருத்துவதே தக்கது என்று நாம் சொல்வதாக வாசகர் எண்ணக்கூடும். அவ்வாறு முடித்தல் எளிது. ஆனால் ஊபர்லிங்கனின் பிற்கதை அம்முடிவுக்கு இடந்தருவதில்லை.

விபத்துக்குப் பின் முதல் நாட்களில் ஸ்கைகைடு நிறுவனத்திலிருந்து வந்த விளக்கங்கள், ரஷ்ய விமானிகள் சொன்னவுடன் கீழ்ப்படியவில்லை என்ற திசையிலேயே சென்றன. பின்பு விசாரணை நடந்தது, வல்லுநர்கள் கூடினர், நடைமுறைகள் ஆராயப்பட்டன. இவையெல்லாம் தேவையானவையே. மனைவியையும் இரு பிள்ளைகளையும் அவ்விபத்தில் இழந்த ஒருவர், தமக்கு முன் நின்று மன்னிப்புக் கேட்கும் ஒரு மனிதரைத் தேடினார். அவருக்குக் கிடைத்தது நிறுவனம், முகம் கிடைக்கவில்லை. 2004ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் அவர் குளோட்டன் என்னும் ஊரில் அக்கட்டுப்பாட்டாளரின் வீட்டைத் தேடிச் சென்று அவரைக் குத்திக் கொன்றார். ஸ்கைகைடு தன் பொறுப்பை ஏற்று உறவினரிடம் மன்னிப்புக் கேட்டது அதே ஆண்டு மே மாதத்தில், விசாரணை அறிக்கை வெளிவந்த பின். இடையில் இருந்தது மூன்று மாதம்.

கொலைக்கு நியாயம் கற்பிக்க இவ்வரலாறு பயன்படலாகாது. கொலையாளிக்கு விதிக்கப்பட்ட எட்டாண்டுத் தண்டனை பின்னர்க் குறைக்கப்பட்டு, 2007ஆம் ஆண்டு நவம்பரில் அவர் விடுதலையாகி வட ஒசேத்தியா திரும்பியபோது வீரனைப்போல் வரவேற்கப்பட்டார் என்பதை வாசிக்கையில் நமக்கு மனச்சங்கடமே உண்டாகிறது. கொல்லப்பட்டவருக்கும் மனைவியும் பிள்ளைகளும் இருந்தனர். ஆனால் நிறுவனம் வாய்மூடியிருந்தால் பழி போய்ச் சேருமிடம் எது என்பதை இந்நிகழ்ச்சி காட்டிவிடுகிறது. கடைசியாக ஒலிவாங்கியைப் பிடித்திருந்தவரிடமே அது சேரும். அவரைப் பாதுகாப்பதாகச் சொல்லி மேலேயுள்ளவர்கள் மௌனம் காக்கும்போது, உண்மையில் பாதுகாக்கப்படுபவர்கள் அவர்களே.

2007ஆம் ஆண்டு செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் பியூலாக் மாவட்ட நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை இதனாலேயே நாம் முக்கியமானதாகக் கருதுகிறோம். ஸ்கைகைடைச் சேர்ந்த எட்டுப் பேர் குற்றஞ்சாட்டப்பட்டிருந்தனர். சாகிரெப்பிலும் எண்ணிக்கை எட்டே. இங்கு நால்வர் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டனர். மூவர்க்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை, ஒருவர்க்கு அபராதம். தண்டனை சிறியது; தண்டனையின் அளவைப் பற்றி நமக்குக் கவலையில்லை. இரவில் ஒருவரே இரு மேசைகளைப் பார்க்கும் வழக்கத்தைத் தடுக்கும் அதிகாரம் யாருடைய கையில் இருந்ததோ, அவர்களிடம் கணக்குக் கேட்கப்பட்டது. சாகிரெப்பில் கேட்கப்படாதது அதுவே. அதற்கு முந்திய ஆண்டில் கான்ஸ்டன்ஸ் நீதிமன்றம், தன் வானத்தைச் செல்லத்தக்க உடன்படிக்கையின்றி அயல்நாட்டு நிறுவனத்திடம் விட்டிருந்த ஜெர்மன் அரசே இழப்பீட்டுக்கு உத்தரவாதி என்றது.

இத்தாலியில் 2001ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் மிலான் நகரின் லினாத்தே நிலையத்தில் மூடுபனியில் இரு விமானங்கள் மோதி 118 பேர் மாண்டபோதும் இவ்வாறே விசாரணை மேல்நோக்கிச் சென்றது. பழைய தரைராடார் 1999இல் நீக்கப்பட்டிருந்தது. புதியது வேலைக்கு வரவில்லை. தரையில் வழி காட்டும் குறிகள் குழப்பமாயிருந்தன. 2004ஆம் ஆண்டின் தீர்ப்பில் கட்டுப்பாட்டாளருக்கும் நிலைய இயக்குநருக்கும் ஒரே அளவாக எட்டாண்டு விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் சில தண்டனைகள் குறைந்தன, சிலர் விடுதலையாயினர். மேலிருப்போரைக் கூண்டில் நிறுத்துவதும் கீழிருப்பவரை விடாமல் பிடிப்பதும் சேர்ந்தே நடந்ததால், இத்தாலிய வழி நமக்கு முழு நிறைவு தருவதாயில்லை. அச்சத்தில் இருப்பவர் உண்மையை எழுதித்தரமாட்டார் என்பதை ஆம்ஸ்டர்டாம் காட்டிற்று அல்லவா?

நம் நாட்டில் 1996ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் அரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேல் சவூதி விமானமும் கசக்ஸ்தான் விமானமும் மோதி 349 பேர் மாண்டதையும் இங்கு நினைவுகூர்தல் தகும். உலகில் இன்றுவரை வானில் நேர்ந்த மோதல்களில் மிகுதியான உயிர்களைக் கொண்டது அதுவே. நீதிபதி லகோட்டி தலைமையிலான விசாரணை, கசக்ஸ்தான் விமானம் தனக்கு விதிக்கப்பட்ட 15,000 அடிக்குக் கீழே இறங்கியதே காரணம் என்று கண்டது. தவறிழைத்தவர்கள் மாண்டுவிட்டமையால் வழக்கு அவர்களோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. தில்லியில் வருகின்ற விமானங்களும் போகின்ற விமானங்களும் ஒரே வழியைப் பயன்படுத்தின. உயரத்தைக் காட்டும் இரண்டாம் நிலை ராடார் அன்று பயன்பாட்டில் இல்லை. அதன் பின்னர் வழிகள் பிரிக்கப்பட்டன, ராடார் வந்தது, இந்திய வானில் பறக்கும் பயணிகள் விமானங்களுக்கு மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமாயிற்று. அவ்விபத்துக்கு முன்பே இவை தேவையெனத் தெரிந்திருந்தும் தாமதித்தது ஏன் என்ற கேள்விக்குமட்டும் பெயர்சொல்லி விடை தந்தவர் எவருமில்லை.

அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றையும் சொல்லவேண்டும். 2025ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் இரவு, வாஷிங்டன் நகரில் பொட்டோமாக் ஆற்றின் மேல், இறங்க வந்த பயணிகள் விமானமும் இராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் மாண்டனர். கோபுரத்தில் ஹெலிகாப்டர்களையும் விமானங்களையும் அவ்வேளையில் ஒருவரே கவனித்தார். முதல் நாளிலிருந்தே பலர் அவரவர்க்கு வேண்டாதவர்மேல் பழி சுமத்தலாயினர். மார்ச்சு மாதத்தில் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் முதல் அறிக்கையை வெளியிட்டது. 2021ஆம் ஆண்டு அக்டோபர் முதல் 2024ஆம் ஆண்டு டிசம்பர் வரை அந்நிலையத்தருகே விமானங்களும் ஹெலிகாப்டர்களும் ஒன்றையொன்று அளவுக்கு மீறி நெருங்கிய நிகழ்ச்சிகள் 15,214 என்றும், அவற்றுள் 85 மிக அபாயமானவை என்றும் அதில் கண்டிருந்தது. இவ்வெண்கள் வாரியம் புதிதாகக் கண்டுபிடித்தவையல்ல. விமானத் துறையிடம் ஏற்கெனவே இருந்த பதிவுகளிலிருந்தே அவை எடுக்கப்பட்டன. 1974இல் ஒரு நிறுவனத்தின் எச்சரிக்கை மற்றொன்றுக்கு எட்டவில்லை. இம்முறை எச்சரிக்கை உரிய அலுவலகத்தின் பேழையிலேயே இருந்தது. அதை எண்ணிக் கூட்டிப் பார்ப்பது யாருடைய வேலை என்று வாரியத்தின் தலைவர் வெளிப்படையாகவே சினந்து கேட்டார். நிலையத்தருகே ஆற்றின் வழியே சென்ற அந்த ஹெலிகாப்டர் பாதை விபத்துக்குப் பின்னரே மூடப்பட்டது.